குணமானவர் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை?

நம் சங்கத்து அன்பர்களில் வயதில் மூத்த ஆண்கள் சிலர் திடீரென்று வெளியே தலைகாட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். பொங்கல் விழாவுக்கு வருவதில்லை. ஸ்கந்தகிரி கோவிலில் கிருத்திகைக்குக்கூடக் காணோம். விசாரித்தால் வீட்டிலிருந்து வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: “அவருக்குப் புராஸ்டேட்டில் கான்சர் வந்தது. ஆபரேஷன் ஆச்சு. பகவான் புண்ணியத்தில் இப்போ எல்லாம் சரியாப் போச்சு.”

எல்லாம் சரியாகிவிட்டது என்றால் மனிதர் ஏன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எனக்கும் அதே ஆபரேஷன் நடந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது; டாக்டருக்குத் திருப்தி. ஆனாலும் வேஷ்டி கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் புறப்படுவதற்கு முன் நான் பத்து விஷயங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்பது என் மனைவியின் தீர்ப்பு.

ஆகவே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான். புராஸ்டேட் கான்சருக்குப் பிறகு தங்கிவிடும் உபாதைகள் நம் தலையெழுத்து அல்ல. அவையும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்களே. வாய்விட்டுச் சொல்லாததால்தான் அவற்றில் பாதிக்கு மேல் தீராமல் நிற்கின்றன.

ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு போர்ஷன்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. அதன் இருப்பிடம்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். மேலே சிறுநீர்ப் பை, பின்னால் மலக்குடல், இரு பக்கமும் தாம்பத்தியத்துக்கு வேண்டிய மெல்லிய நரம்புகள், கீழே சிறுநீரை அடக்கிவைக்கும் தசை வளையம். ஒண்டுக் குடித்தனங்களுக்கு நடுவே ஒரு போர்ஷனை மட்டும் இடித்து எடுப்பது போன்ற காரியம் இந்த ஆபரேஷன். எவ்வளவு கெட்டிக்கார மேஸ்திரியானாலும் பக்கத்துச் சுவரில் விரிசல் விழாது என்று உத்தரவாதம் தர முடியாது.

ஒரு காலத்தில் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆண்மை போய்விடும் என்பது ஏறக்குறைய நிச்சயமாக இருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் பாட்ரிக் வால்ஷ், அந்த நரம்புகள் எந்த வழியாகப் போகின்றன என்று கண்டறிந்து, 1982இல் அவற்றை விட்டுவைத்து ஆபரேஷன் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இன்று ரோபோ இயந்திரம் வரை வந்துவிட்டது. நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் விரிசல் விழுகிறது.

ஆபரேஷன் இல்லாமல் கதிர்வீச்சு சிகிச்சை பெறுபவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிறுநீர்க் கசிவு குறைவு. ஆனால் மலக்குடல் புண்ணாகி அவசரமாகப் போக வேண்டிய தொல்லையும், சில சமயம் ரத்தம் போவதும் மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம்.

மூன்றாவது, ஹார்மோன் வைத்தியம். ஆண்களுக்குரிய ஹார்மோன்தான் இந்தக் கான்சருக்குத் தீனி என்பதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் நிரூபித்தார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தத் தீனியை நிறுத்த ஊசி போடுகிறார்கள், அல்லது விரைகளை அகற்றிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஊசிக்குச் செலவழிக்க முடியாத குடும்பங்கள் நம் நாட்டில் இரண்டாவது வழியை நாடுவது சகஜம். நோய் அடங்குகிறது. ஆனால் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது, சதை கரைந்து தொப்பை விழுகிறது, எலும்பு மெலிகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. “அப்பா முன்னே மாதிரி இல்லை” என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அப்பா மாறவில்லை, அவருடைய ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருள் நின்றுவிட்டது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

நூற்றில் எத்தனை பேர்?

இது ஏதோ ஒன்றிரண்டு துரதிர்ஷ்டசாலிகளின் கதை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் ஆரம்ப நிலைப் புராஸ்டேட் கான்சர் உள்ள 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். பதினைந்து வருட முடிவுகள் 2023இல் வெளியாயின. எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். மனதுக்கு ஆறுதலான செய்தி.

அதே ஆராய்ச்சியில் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஆபரேஷன் பிரிவில் ஆறாவது மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு வருடம் கழித்தும் 17 பேர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு நாளடைவில் குறைகிறது என்பது ஒன்று. கணிசமானவர்களுக்கு நீடிக்கிறது என்பது இன்னொன்று. “எல்லாம் சரியாப் போச்சு” என்ற ஒரு வரியில் அந்தப் பதினேழு பேருக்கு இடமே இல்லை.

மூன்று மொழியும் கை கொடுக்காத இடம்

இந்த ஊருக்கு வந்து குடியேறிய நம்மவர்களுக்கு ஒரு விசேஷச் சங்கடம் உண்டு. ரயில்வேயிலும் மத்திய சர்க்கார் ஆபீஸ்களிலும் முப்பது நாற்பது வருடம் உத்தியோகம் பார்த்து, தெலுங்கும் ஹிந்தியும் சரளமாகப் பேசுகிறவர்கள்கூட டாக்டர் எதிரில் வாயடைத்துப் போகிறார்கள். தெலுங்கு டாக்டர் “மூத்ரம்” என்று இயல்பாகக் கேட்கிறார். தெலுங்கில் அது சபையில் சொல்லக்கூடிய சொல். அதே சொல் தமிழ்க் காதில் கொச்சையாக விழுகிறது. “சிறுநீர்” என்றால் டாக்டருக்குப் புரியாது. “யூரின் கொஞ்சம் ப்ராப்ளம்” என்று இங்கிலீஷில் ஒளிந்துகொள்கிறோம். கொஞ்சம் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து பேடா, இருமும்போது இரண்டு சொட்டா? டாக்டர் எப்படி ஊகிப்பார்?

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கிய தகப்பனார் நிலைமை இன்னும் மோசம். அவருக்காகப் பேசுவது பிள்ளை. சில சமயம் மருமகள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மாமனார் தன் உள்ளாடை நனைவதைப் பற்றிப் பேசுவார்? “நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லும்மா” என்கிறார். அப்படியே மொழிபெயர்க்கப்படுகிறது. கேஸ் ஷீட்டிலும் அப்படியே ஏறுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அக்கறையில் குறைந்தவர்கள் இல்லை. வாராவாரம் போன் செய்கிறார்கள். “பி.எஸ்.ஏ. எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

அமெரிக்காவில் ராணுவ மந்திரியாக இருந்த லாய்ட் ஆஸ்டின் கதையைப் பாருங்கள். 2023 டிசம்பரில் புராஸ்டேட் கான்சருக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். 2024 ஜனவரி முதல் தேதி சிக்கல் ஏற்பட்டு மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஜனாதிபதிக்கே சில நாட்கள் வரை தெரியாது! பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய படையை நடத்திய மனிதருக்கே இவ்வளவு கூச்சம் என்றால், மல்காஜ்கிரியில் பென்ஷன் வாங்கும் நம்மவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் அதே அமெரிக்காவில் வேறு மாதிரியானவர்களும் இருந்தார்கள். செனட்டர் பாப் டோல் 1991இல் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர். 1996இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றவர். 1999இல், எழுபத்தைந்து வயதுக்கு மேல், தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி ஆண்மைக் குறைவைப் பற்றி நேராகப் பேசினார். கேலி செய்தார்கள். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் வாயில் வராத விஷயம் அதற்குப் பிறகு டாக்டர் அறைக்குள் வந்தது. நெல்சன் மண்டேலாவுக்கு இந்த நோய் இருப்பது 2001இல் தெரிந்தது. உலகத்துக்குச் சொல்லிவிட்டே கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் வாழ்ந்து, 95 வயதில் 2013இல் காலமானார்.

நம் பெண்களும் இந்த விஷயத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னேறிவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகச் சார்மினாரையே இளஞ்சிவப்பு விளக்கில் ஒளிரச் செய்த ஊர் இது. சென்னையில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, துக்கத்தை மனதோடு வைத்துக்கொள்ளாமல், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். ஆண்களாகிய நாம் மட்டும் இன்னும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம்.

என்னென்ன செய்யலாம்?

நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்களிடம் கேட்டும், அனுபவத்தில் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்லாமல் இருப்பது தகாது.

ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குறைகிறது. அதைத் துரிதப்படுத்த ஒரு பயிற்சி உண்டு. கெகல் என்ற அமெரிக்கப் பெண்கள் நல டாக்டர் 1948இல், பிரசவமான பெண்களுக்காக எழுதிவைத்தது அது. வாயு வெளியேறாமல் அடக்குவது போல இடுப்புக்கு அடியில் உள்ள தசையைச் சுருக்கி, ஐந்து முதல் பத்து எண்ணும் வரை பிடித்து, அதே நேரம் தளர்த்த வேண்டும். வேளைக்குப் பத்து தடவை, ஒரு நாளில் மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றை இறுக்கக் கூடாது. இருமுவதற்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் முன்னால் ஒரு தடவை சுருக்கிக்கொண்டால் சொட்டு விழுவது குறையும். நகரின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, மாத்திரைப் பட்டியல் இருந்தது, பில் விவரம் மூன்று பக்கம் இருந்தது. இந்தப் பயிற்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலு மாதம் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லித் தந்தாள். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பாக இருக்கிறது. அது சரியில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் அநேகம். அது தவறு. சிறுநீர் கெட்டியானால் பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்தும். குறைக்க வேண்டியது தண்ணீரை அல்ல, காப்பியை. நம் ஜாதியிடம் டிகாக்‌ஷனைக் குறை என்று சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்பது எனக்குத் தெரியும்! சாயங்காலக் காப்பியை மட்டுமாவது விட்டுப் பாருங்கள். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்குவது அந்தத் தசைக்கு எதிரி. ஒரு வருடம் தாண்டியும் கசிவு நிற்கவில்லை என்றால் அதற்கென்றே ஆபரேஷன்கள் இருக்கின்றன. தாங்கு பட்டை வைக்கிறார்கள். செயற்கை வளையம் பொருத்துகிறார்கள். “இனி இப்படித்தான்” என்று யார் சொன்னாலும் இன்னொரு யூராலஜிஸ்டைக் கேளுங்கள். பஞ்சாகுட்டா நிம்ஸிலும் உஸ்மானியா ஆஸ்பத்திரியிலும் யூராலஜிப் பிரிவுகள் உண்டு. ரெட் ஹில்ஸில் அரசு நடத்தும் எம்.என்.ஜே. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கதிர்வீச்சு பெற்றவர்கள் மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் கண்டால், பழைய வைத்தியத்தின் விளைவு என்று தாமே முடிவு கட்டாமல் காட்டிக்கொள்ள வேண்டும். மலக்குடலைச் சோதிக்கும் எந்த டாக்டரிடமும் கதிர்வீச்சு எடுத்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் சதை கிள்ளிச் சோதித்தால் புண் ஆறாமல் போகக்கூடும்.

ஹார்மோன் வைத்தியத்தில் இருப்பவர்களுக்கு நடையும், தசைக்கு வேலை தரும் எளிய பயிற்சிகளும் மருந்துக்குச் சமானம். எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிக்க ஸ்கேன் உண்டு. கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டிலும் கண் வேண்டும். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மெலிந்த எலும்போடு இருட்டில் விழுந்தால் இடுப்பு முறியும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் டாக்டர் இருக்கிறார். அது பலவீனம் அல்ல.

ஒன்றைத் தள்ளிப்போடவே கூடாது. குளிர் காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல், சிறுநீர் அடியோடு நின்றுபோவது, புதிதாக முதுகு வலி வந்து கால்கள் வலுவிழப்பது – இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“இந்த வயசில் என்ன?”

தாம்பத்தியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் சொல்லும் வாசகம் இது. டாக்டர்கள்கூடச் சில சமயம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. அறுபத்திரண்டு வயதில் ஆபரேஷன் ஆனவருக்கு இன்னும் இருபது வருட இல்லறம் பாக்கி இருக்கலாம். இழந்ததைப் பற்றி வருந்தவும், வழி உண்டா என்று கேட்கவும் அவருக்கும் அவர் மனைவிக்கும் உரிமை உண்டு. நரம்புகள் தேறுவதற்கு இரண்டு வருடம் வரை ஆகலாம். மாத்திரை, ஊசி, கருவி என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் டாக்டரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். நெஞ்சு வலிக்காக சார்பிட்ரேட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் வயாக்ரா வகை மாத்திரையைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கணவர் கூச்சப்பட்டுப் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொள்கிறார். கையைத் தொடுவதற்குக்கூடத் தயங்குகிறார். தன் மேல் ஏதோ கோபம் என்று மனைவி நினைத்துக்கொள்கிறாள். நாற்பது வருடத் துணையிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஹார்மோன் ஊசியால் வரும் கொதிப்பும் வியர்வையும் அவள் ஏற்கெனவே தன் மாதவிடாய் நின்ற காலத்தில் வாய் பேசாமல் அனுபவித்தவைதான். கெகல் பயிற்சியும் பெண்களுக்காக வந்ததே. இந்த விஷயத்தில் வீட்டில் அனுபவஸ்தர் அம்மாதான், ஐயா அல்ல.

“உயிர் பிழைத்ததே பெரிசு, இதெல்லாம் ஒரு குறையா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். உயிர் பிழைத்தது பெரிசுதான். அதனால்தான் பிழைத்த உயிரை ஹாலில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடக் கூடாது.

சங்கம் செய்யக்கூடியவை

அமெரிக்காவில் 1990இலேயே இந்த நோய் கண்டவர்கள் தாங்களே கூடிப் பேசச் சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். நமக்கோ சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. செயற்குழு அன்பர்களிடம் பணிவுடன் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, விழாவுக்கு மண்டபம் பிடிக்கும்போது கீழ்த் தளத்தில் கழிவறை இருக்கிறதா, அதில் பேடைப் போட மூடி போட்ட குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் கழிவறையில் தொட்டி வைக்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. ஒரு தொட்டிக்கு என்ன பெரிய செலவு?

இரண்டாவது, நடைபாதை ஓரம் ஒரு வரிசை நாற்காலிகளைப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். நடுவில் எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்காத இடமாக இருக்கட்டும். திருப்பதி, மந்திராலயம் என்று பஸ் ஏற்பாடு செய்யும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிற்கும் என்று சுற்றறிக்கையிலேயே போடுங்கள்.

மூன்றாவது, இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை, ஆண்களுக்கு மட்டும் ஒரு சந்திப்பு. தலைப்பு வேண்டாம், பேனர் வேண்டாம். தமிழ் தெரிந்த ஒரு யூராலஜிஸ்ட், ஒரு பிசியோதெரபிஸ்ட். இதே ஊரில் பிராக்டீஸ் செய்யும் நம்மவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். அதே நேரத்தில் மனைவிமார்களுக்குப் பக்கத்து அறையில் தனியாக ஒரு சந்திப்பு.

நான்காவது, ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து தமிழில் கேட்டுத் தெலுங்கில் சொல்ல இரண்டு மூன்று ஆண் தொண்டர்கள். குடும்பத்தைச் சேராத ஒருவரிடம் சொல்வது சில பெரியவர்களுக்குச் சுலபமாக இருக்கும். அவர்கள் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இந்தச் சந்திப்புக்கு முதல் ஆளாக என் பெயரைப் பதிவு செய்துகொள்ளும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கும் பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பத்திரிகையை இந்தப் பக்கம் திறந்தபடியே வீட்டுக்காரரின் சாய்வு நாற்காலியில் வைத்துவிடுங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். அவர் படித்து முடித்த பிறகு, முடிந்தால், சந்திப்பு எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள்.